தரைத்தளக் கடைக்கு முப்பத்தொரு நிபந்தனைகள்

மே 18, ஞாயிறு

இன்று குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஆனேன். பொதுக்குழுவில் நாற்பத்தொரு பேர் இருந்தோம். பேனா வைத்திருந்தது நான் மட்டும். இருபத்தாறு மாடி, இருநூற்றெட்டு வீடுகள் கொண்ட மான்ட் பெல்லாவின் நிர்வாகம் இப்படித்தான் என் கைக்கு வந்தது. மான்ட் பெல்லா என்றால் அழகிய மலை என்று பில்டரின் கையேட்டில் போட்டிருக்கிறது. புரசைவாக்கத்தில் இதற்கு முன் மலை இருந்ததாகத் தகவல் இல்லை.

என் கணவர் வராமலேயே துணைத் தலைவராகத் தேர்வானார். போன வருடம் தண்ணீர் அழுத்தம் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தார். அதை யாரோ நினைவில் வைத்திருந்தார்கள். அவர் பத்து நாளாக மைசூரில், அக்கா வீட்டில் இருக்கிறார். மாம்பழ சீசன் முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என் முதல் வேலை தரைத்தளக் கடை. ஆயிரத்து நூறு சதுர அடி. பில்டர் அதைச் சங்கத்துக்கு இலவசமாகத் தந்திருக்கிறார். ஜூலை 31க்குள் ஒரு மளிகைக் கடைக்கு மூன்று வருடக் குத்தகை எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். செய்யாவிட்டால் இடம் பில்டருக்கே திரும்பிவிடும். அடுத்த மலையை விற்பதற்கான அலுவலகத்தை அவர் அங்கே திறப்பார்.

கடை அவசியம்தான். பக்கத்தில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போக ஆறு வழிச் சாலையைக் கடக்க வேண்டும். அதனால் எல்லோரும் செல்போனில் வாங்குகிறார்கள். மாலை ஏழு மணிக்கு லிஃப்டில் மனிதர்களுக்கு இடமில்லை. கொத்தமல்லி ஏறிக்கொண்டிருக்கிறது.

மே 25, ஞாயிறு

குழுக் கூட்டம். தலைவர் நீலகண்டன், பதினான்காம் மாடி, ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். உறுப்பினர் பிரேமலதா, ஒன்பதாம் மாடி, முழங்கால் வலி. நான். பொருள்: கடைக்கு வருபவருக்கான நிபந்தனைகள்.

"கருவாடு கூடாது" என்று நீலகண்டன் தொடங்கினார். எழுதிக்கொண்டேன்.

"பெருங்காயம் திறந்து வெக்கக் கூடாது. முதல் மாடிக்காரங்க இப்பவே கேட்டாச்சு" என்றார் பிரேமலதா.

"முட்டை?" என்று கேட்டேன்.

இருவரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்தான் இருக்கிறது.

"முட்டை கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கக் கூடாது" என்றார் பிரேமலதா.

"உள்ளே வைக்கலாமா?"

"உள்ளே என்ன இருக்குன்னு நாம ஏன் மேடம் கேக்கணும்?"

நிபந்தனை ஒன்பது: முட்டை, கண்ணுக்குத் தெரியாமல். இப்படியே துடைப்பம், மூட்டை, வாழைத்தார், தேங்காய் உடைக்கும் சத்தம், தராசின் சத்தம் என்று போனது. முடிவில் நீலகண்டன் எல்லாவற்றையும் தொகுத்துச் சொன்னார்: "கடை வேணும். ஆனா கடை மாதிரி இருக்கக் கூடாது."

அதை முப்பத்தொன்றாவது நிபந்தனையாகச் சேர்த்தேன். கேலியாகச் செய்தேனா என்று அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு "கரெக்ட்" என்றார்.

மைசூருக்கு ரத்த அழுத்தக் கருவியைக் கூரியரில் அனுப்பினேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். கழுத்தில் டை, கையில் டேப்லெட். இடத்தைப் பார்த்து "எக்ஸலன்ட்" என்றார். நிபந்தனைகளைக் கொடுத்தேன். இரண்டாவது பக்கம் வரை படித்தார்.

"மேடம், எதையெல்லாம் விக்கலாம்னு ஒரு லிஸ்ட் குடுத்துடுங்களேன். அது சின்னதா இருக்கும்."

லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டேன். தரைத்தளத்தில்தான் இருந்தோம் என்பது பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது.

ஜூன் 9, திங்கள்

பக்ரீத் முடிந்து இரண்டாம் நாள். சாலைக்கு அந்தப் பக்கம் சந்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அபுதாகிர் வந்தார். இருபத்திரண்டு வருடக் கடை. இந்தக் கட்டடம் எழும்பியபோது வேலையாட்களுக்கு அரிசி, எண்ணெய் எல்லாம் அங்கிருந்துதான் வந்ததாம். சந்தை அகலப்படுத்துகிறார்கள். கடைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டாகிவிட்டது. ஜூலை கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதற்குள் வேறு கடை பிடிக்காவிட்டால் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான் என்றார். அதைச் சொன்னபோது குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார்.

மனைவி ரஹ்மத் நிஷாவும் வந்திருந்தார். கல்லாவில் உட்காருவது அவர்தான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. காலி இடத்தில் நின்றுகொண்டு பருப்பு எங்கே, எண்ணெய் எங்கே என்று கண்ணாலேயே அடுக்கிக்கொண்டிருந்தார்.

அபுதாகிர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, தாளைக் கண்ணருகே பிடித்து, முப்பத்தொரு நிபந்தனைகளையும் நின்றபடியே படித்தார். முழுவதும் படித்த முதல் ஆள்.

"எல்லாம் சம்மதம் மேடம்."

"யோசிச்சுச் சொல்லுங்க பாய். அவசரமில்லை."

"யோசிக்கறவனுக்குப் போக இன்னொரு இடம் இருக்கணும் மேடம்."

"பெருங்காயத்த டப்பாலதான் வெச்சிருக்கோம்" என்றார் ரஹ்மத் நிஷா. "அது என்ன, தொறந்து வெச்சா மாடியேறிப் போயிருமா?"

"நீ சும்மா இரு."

"எழுதியிருக்கறதத்தானே கேக்கறேன்."

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டேன். இது முடிந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

ஜூன் 11, புதன்

முடியவில்லை.

"எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாரா?" என்று நீலகண்டன் கேட்டார். அவருக்கு ஏமாற்றம். "முப்பத்தொண்ணுக்குமா?"

"முப்பத்தொண்ணுக்கும்."

பிறகு பார்க்கிங்கைப் பற்றிப் பேசினார்கள்.

"பாய் கடைன்னா வண்டி நிறைய வரும் மேடம்" என்றார் பிரேமலதா.

"அவரிடம் வண்டியே இல்லை. ஒரு சைக்கிள்தான்."

"இப்ப இல்லை. வாங்கலாம்ல?"

பேசியது முழுக்கப் பார்க்கிங்கைப் பற்றித்தான். இந்தக் கட்டடத்தில் பார்க்கிங்கைப் பற்றி இவ்வளவு மென்மையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. நடவடிக்கைக் குறிப்பில் "பரிசீலனையில்" என்று எழுதினேன். இருபத்தாறு வருடம் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாத புத்தகத்தின் மேல் அதை எழுதி வைப்போம். அது அங்கேயே இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

கணவருக்கு அவருடைய பட்டச் சான்றிதழ்கள் வேண்டுமாம். பீரோவின் மேல் தட்டில், நீல உறையில். எடுத்து அனுப்பினேன். மைசூரில் மாம்பழம் சாப்பிட அவை தேவைப்படும் போலிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

சிறுதானியக் கடை வைக்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். கணினி வேலையை விட்டவர்கள். வரகு, சாமை, தினை, குதிரைவாலி. எதற்கும் வாசனை இல்லை. முட்டை இல்லை. மூட்டை இல்லை, கண்ணாடிக் குடுவைதான். கடை மாதிரியே இருக்காது என்று அவர்களாகவே சொன்னார்கள். நீலகண்டன் நாற்காலியிலிருந்து எழுந்து கை கொடுத்தார். பார்க்கிங் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர்கள் இரண்டு காரில் வந்திருந்தார்கள்.

நல்ல நாள் பார்த்துச் சொல்கிறோம் என்று போனார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

புனேயிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா பேசினாராம்மா?" என்று கேட்டாள். "பேசினார், ஸ்வெட்டர் வேண்டுமாம்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் சரியில்லை.

ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப் போட்டேன். பதினேழாம் மாடியில் துணி சீக்கிரம் காய்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

ஸ்வெட்டர் அனுப்பினேன். தோசை மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

ஜூலை 10, வியாழன்

சிறுதானியத் தம்பதி போன் செய்தார்கள். அந்தப் பெண்தான் பேசினாள்.

"ஆன்ட்டி, பதினாறாம் தேதி ஒரு முகூர்த்தம் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு இவருக்குச் சந்திராஷ்டமம்."

"அடுத்த நாள்?"

"அடுத்த நாள் ஆடி ஒண்ணு ஆன்ட்டி."

அவள் சிரித்தாள். இது தெரியாத ஒருவர் செயலாளராக இருக்க முடியும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கண்டிப்பாக வருவதாகச் சொன்னாள். ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17இல். நமக்குக் கெடு ஜூலை 31.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். சங்கத்தின் வக்கீல், தலைவர், பொருளாளர், நான்கு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏழு பேரும் வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியிருப்பவர்கள். ஆடியில் புதுத் துணிகூட எடுக்காதவர்கள். ஆடி பாதியில் வருகிற ஒரு தேதிக்கு ஏழு பேரும் சம்மதித்திருக்கிறார்கள். வக்கீலிடம் கேட்டேன். அன்று அரசு விடுமுறையா என்று மட்டும் பார்த்தாராம்.

ஜூலை 14, திங்கள்

பில்டரின் அலுவலகத்திலிருந்து நிர்மல் என்பவர் வந்து கடை இடத்தை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு அளக்கறீங்க?"

"சும்மா மேடம். சோபா எங்க வரும்னு ஒரு ஐடியாவுக்கு."

"இன்னும் பதினேழு நாள் இருக்கே."

"இருக்கு மேடம். ஆனா எந்தப் பதினேழு நாள்?"

"அந்தத் தேதியை யார் போட்டது?"

"எம்.டி. சார்தான். காலண்டர் பார்த்துட்டுத்தான் போட்டாரு."

"எந்தக் காலண்டர்?"

"கிழிக்கிற காலண்டர் மேடம்" என்றார் மிகுந்த மரியாதையோடு. டேப்பின் மறுமுனையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. யாரும் போன் செய்யவில்லை.

ஜூலை 19, சனி

சாலையைக் கடந்து அபுதாகிர் கடைக்குப் போனேன். சந்தில் பாதிக் கடைகளுக்கு முகம் இல்லை. அவர் கடையில் தட்டுகள் காலி. பருப்பு டின்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். மிச்சச் சரக்கை ஒரு மொத்த வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

ரஹ்மத் நிஷா கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வாங்க மேடம். பார்க்கிங் கெடச்சிருச்சா?"

அவரிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இந்தச் சாலையைக் கடக்க மனிதர்களுக்குத்தான் கஷ்டம்.

"உங்க விண்ணப்பம் இன்னும் இருக்கு பாய்" என்றேன். "இந்த மாசத்துக்குள்ள பதிவு பண்ணணும். ஆடியா இருக்கறதால உங்களுக்கு..."

"எங்களுக்கு ஆடி இல்ல மேடம். ஆனா இன்னும் ஒரு வாரத்துல ஸபர் மாசம் பொறக்குது. ஸபர்ல புதுசா எதுவும் தொடங்கக் கூடாதும்பாங்க எங்கள்ல பெரியவங்க. இவ அம்மா ஒத்துக்கவே ஒத்துக்காது."

இரண்டு மார்க்கங்களும் ஒரே பதினைந்து நாளில் வந்து பில்டருக்குக் கை கொடுக்கின்றன.

"மார்க்கத்துல அப்படி ஒண்ணும் கெடையாது" என்றார் அவர், டின்னை இறக்கி வைத்துவிட்டு. "இடிக்கிறவன் ஸபர் பாத்தா நம்பர் போட்டான்?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் ரஹ்மத் நிஷா. என்னைப் பார்த்து, "ஆனா இந்தத் தடவ நெசமாத்தானே மேடம்? மொத்த வியாபாரி திங்கக்கெழம வண்டி கொண்டுட்டு வாரேன்னிருக்கான். வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் அவன் வரமாட்டான். இங்கயும் இல்லன்னு ஆயிட்டா, நாங்க ரெண்டு பக்கமும் இல்லாமப் போயிருவோம்."

"நிஜமாத்தான்" என்றேன்.

எனக்கு அந்த அதிகாரம் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

குழுக் கூட்டம். பிரேமலதா முழுச் சம்மதம் என்றார். நேற்று லிஃப்டுக்கு முப்பத்தைந்து நிமிடம் நின்றிருக்கிறார். முழங்காலுக்கு மதமில்லை.

நீலகண்டனும் எதிர்ப்பில்லை என்றார். "நல்ல மனுஷன். பொறுமையானவர். ஆனா நான் ஆடியில புதுசா எதுலயும் கையெழுத்துப் போட்டதில்லை. என் கல்யாணத்துக்கே எங்கப்பா ஒரு மாசம் தள்ளி வெச்சாரு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு வெச்சுக்கலாம். அது நல்ல நாள்."

"அது ஆகஸ்ட் மூணு. கெடு முடிஞ்சு மூணு நாள் ஆகியிருக்கும். ஞாயித்துக்கிழமை வேற."

"அடடா" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

விதிப் புத்தகத்தைத் திறந்தேன். விதி 22: தலைவர் ஊரில் இல்லாதபோது துணைத் தலைவரின் எழுத்து மூல ஒப்புதலுடன் செயலாளரே பத்திரம் பதிவு செய்யலாம்.

"அப்ப நான் ஊர்ல இல்லை" என்றார் நீலகண்டன்.

"எங்க போறீங்க சார்?" என்று பிரேமலதா கேட்டார்.

"எங்கயும் போகலை. வீட்லதான் இருப்பேன். ஊர்ல இருக்க மாட்டேன்."

ஆடி முடியும் வரை தலைவர் வெளியூரில் இருப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் தலைவர். சர்வீஸ் லிஃப்டை மட்டும் பயன்படுத்துவதாக ஒப்புக்கொண்டார்.

"துணைத் தலைவர் உங்க வீட்டுக்காரர்தானே? சுலபமாப் போச்சு" என்றார் பிரேமலதா. பிறகு சட்டென்று தன் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

ஜூலை 21, திங்கள்

மைசூருக்குப் போன் செய்தேன்.

"ஒரு கையெழுத்து வேணும்" என்றேன். விவரம் சொன்னேன்.

"எனக்கும் ஒண்ணு வேணும்" என்றார்.

"கூரியர்ல அனுப்புங்க. நானும் அனுப்பறேன்."

"கூரியர்ல அனுப்பற பேப்பர் இல்ல யமுனா. நேர்ல வந்துட்டுப் போயேன். ரெண்டையும் ஒண்ணா முடிச்சுடலாம்."

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னேன். மாம்பழ சீசன் எப்படி என்று கேட்டேன். முடிந்து ஒரு மாதமாகிவிட்டதாம்.

மொத்த வியாபாரியின் வண்டி வந்து காலியாகத் திரும்பிப் போனதாக அபுதாகிர் தகவல் அனுப்பினார்.

ஜூலை 23, புதன்

ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்தேன். ரயில் டிக்கெட் கிடைத்தது.

ஜூலை 25, வெள்ளி

மைசூர். ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. நாத்தனார் கதவைத் திறந்தார். "வா" என்றார். காபி கொடுத்தார். பிறகு சமையலறைக்குள் போய், சத்தம் வராத ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

என் கணவருக்கு மாடியில் ஒரு அறை. கொஞ்சம் இளைத்திருக்கிறார். நான் அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். ரத்த அழுத்தக் கருவி மேஜை மேல் இருந்தது. பட்டச் சான்றிதழ் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு பயிற்சி மையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். அனுப்பிய சாமான் எல்லாம் அந்த அறையில் ஒழுங்காக இருந்தது. கூரியர் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது.

இரண்டு தாள்களும் மேஜைக்கு வந்தன. என்னுடையது ஒப்புதல் கடிதம், அதனுடன் குத்தகைப் பத்திரத்தின் நகல். அவருடையது வக்கீல் தயாரித்த மனு. இருவரும் மனமொத்துக் கேட்பதாக அதில் இருந்தது. வீடு எனக்கு என்றும் இருந்தது. நல்ல தாள், நல்ல அச்சு.

"நமக்குள்ள சண்டை ஒண்ணும் இல்லையே" என்றார்.

"இல்லை."

"அதான் சொல்றேன். சண்டைகூட இல்லை."

அவர் அதற்குள் கடைப் பத்திரத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தார். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். நிபந்தனை நிபந்தனையாக, பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டபடி ஒரு மணி நேரம் படித்தார். இடையிடையே கேள்வி.

"முட்டை கண்ணுக்குத் தெரியாமன்னா, கேக்கறவங்களுக்கு எப்படிக் குடுப்பாங்க?"

"பேப்பர்ல சுத்தி."

"தராசுச் சத்தம்னு போட்டிருக்கே. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஏது சத்தம்?"

"விலை வரும்போது ஒரு தடவை கத்தும்."

"ஓ." கோடு போட்டார்.

மே மாதத்திலிருந்து நாங்கள் பேசியதில் இதுதான் நீளமான பேச்சு. அதற்கு முன்னால் இவ்வளவு பேசியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன்.

"நான் இதுல போடலைன்னா?" என்று மனுவைக் காட்டிக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. என் கடிதத்தின் மேல் பென்சிலை வைத்தார். "அப்ப இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். மூணு வருஷக் குத்தகை. பொறுப்புள்ள பதவி இல்லையா?"

அவரை அந்தப் பதவிக்கு முன்மொழிந்தது யார் என்று எனக்கு நினைவில்லை. வழிமொழிந்தது நான்.

யோசித்தேன். யோசிப்பதற்கு எனக்கும் பெரிய இடம் இல்லை. ஆறு நாள் இருந்தது. மொத்த வியாபாரியின் வண்டி திரும்பிப் போயாகிவிட்டது. நிஜமாத்தான் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இந்த மனுவில் தவறாக எதுவும் இல்லை. நான் ஒரு பத்தியை மட்டும் படித்தேன். அதில் "கடந்த பல ஆண்டுகளாக" என்று இருந்தது. எத்தனை என்று போடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நாத்தனார் அறை வாசலில் வந்து நின்றார். அழுதிருந்தார் என்று நினைக்கிறேன்.

"டேய், ஆடியில இதுல எல்லாம் கையெழுத்துப் போடலாமாடா?"

"ஆடியில நல்ல காரியம்தான் அக்கா கூடாது" என்றார் அவர்.

ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒரு இடத்தில் போட்டார். தேதியும் போடச் சொன்னேன். பதிவு அலுவலகத்தில் கேட்பார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் போ என்றார் நாத்தனார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். இரண்டு மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 26, சனி

வீட்டுக்கு வந்தேன். சர்வீஸ் லிஃப்டில் தலைவரைப் பார்த்தேன். குப்பைக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஊரில் இல்லாததால் வணக்கம் சொல்லவில்லை. கட்டைவிரலை மட்டும் உயர்த்தி, ஆயிற்றா என்று கண்ணால் கேட்டார். ஆயிற்று என்று தலையசைத்தேன்.

ஜூலை 28, திங்கள்

சார்பதிவாளர் அலுவலகம். சாதாரணமாக நிற்கவே இடமிருக்காது என்பார்கள். இன்று மின்விசிறிகளும் நாங்களும்தான். எழுத்தர் நாளிதழை மடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆடியிலயா வந்திருக்கீங்க?"

"ஸபரும்தான்" என்றார் ரஹ்மத் நிஷா.

அபுதாகிர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ரேகை இயந்திரத்தில் அவருடைய கட்டைவிரல் பதியவில்லை. இருபத்திரண்டு வருடம் மூட்டைச் சணல் உரசி ரேகை தேய்ந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, ஏழாவது முறை பதிந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் அவர் விரலை எடுக்கவேயில்லை. "போதும் பாய்" என்றார் எழுத்தர்.

பிறகு என் கடிதத்தைப் பார்த்தார். "ஜெயகோபால், துணைத் தலைவர், 17சி. நீங்களும் 17சி. இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"துணைத் தலைவர்" என்றேன்.

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். முத்திரை குத்தினார்.

ஜூலை 31, வியாழன்

நிர்மல் காலையில் சோபாவின் படத்தோடு வந்தார். கடைக்குள் நாற்பது பருப்பு டின்கள் இருந்தன. பத்திர எண்ணைக் காட்டினேன். செல்போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார். பதில் வர நேரமாயிற்று.

"எம்.டி. சார் யாரு ஜாதகம் பார்த்ததுன்னு கேக்கறாரு மேடம்."

யாரும் பார்க்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

மாலையில் சாலைக்கு அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம். அபுதாகிர் போய்ப் பார்க்கவில்லை. ரஹ்மத் நிஷா போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஷட்டரை மட்டும் கேட்டு வாங்கியிருக்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கடை திறந்து மூன்று நாள். ஆடி என்று யாரும் வராமலிருக்கவில்லை. விற்பதற்குத்தான் ஆடி ஆகாது. வாங்குவதற்கு ஆகும். மாலையில் லிஃப்ட் உடனே வந்தது. அதுவே விசித்திரமாக இருந்தது. இறங்கிப் போனேன்.

மூன்று மாதமாக மாதச் சாமான் வாங்கவில்லை. இருந்ததை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ரஹ்மத் நிஷா நோட்டைத் திறந்தார். பழைய கடையிலும் அவர் அப்படித்தான் செய்வாராம். வாடிக்கையாளர் பட்டியல் சொல்ல வேண்டாம், ஆள் கணக்கைச் சொன்னால் போதும். ஒரு மாதத்துக்கு என்னென்ன, எவ்வளவு என்று அவரே சொல்லிவிடுவார்.

"பதினேழு சி. வீட்ல எத்தன பேரு மேடம்?"

எனக்குப் பின்னால் வரிசையில் நான்கைந்து பேர் நின்றார்கள். பிரேமலதாவும் இருந்தார். சங்கப் பதிவேட்டில் இரண்டு என்று இருக்கிறது. ரேஷன் அட்டையில் மூன்று.

"ஒருத்தர்" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. எடுத்து வைத்திருந்த ஒரு கிலோ துவரம்பருப்பைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு அரைக் கிலோவை எடுத்தார். "அப்ப எண்ணெய் ஒரு லிட்டர் போதும். ரெண்டு எடுத்தா காறிப் போயிரும். உளுந்து கால் கிலோ. புளி நூறு. காபித்தூள் நூறு, தீர்ந்தா வந்து வாங்கிக்கங்க. சர்க்கரை அரை." ஒவ்வொன்றாக எடுப்பதும் திருப்பி வைப்பதுமாக இருந்தார். சரியாகத்தான் சொன்னார். எதிலும் தவறு இல்லை. பருப்புப் பொட்டலம் மிகச் சின்னதாக இருந்தது.

"மேடம், கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்க" என்றார் அபுதாகிர்.

நிபந்தனை இருபத்துமூன்றின்படி கடைக்குள் நாற்காலி போடக் கூடாது. அவர் போடவில்லை. உட்புறம் இருந்த அரிசி மூட்டையைக் கையால் தட்டிக் கொடுத்தார். உட்கார்ந்தேன். கால் மணி நேரம் இருக்கும். வரிசையில் இருந்தவர்கள் சாமான் வாங்கிக்கொண்டு போனார்கள். பிரேமலதா பார்க்கிங்கைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

ரஹ்மத் நிஷா மற்றவர்களுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல், முகம் துடைக்க ஒரு துண்டை எடுத்து மூட்டை மேல் வைத்தார். வெயிலுக்கு என்று நினைத்திருப்பார். கடையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.